கோட்டைப் பிடித்த கதை

ஆண்களுக்கு இன்டர்வியூ உடை என்பது ஒரு பிரச்னையே இல்லை சார். வெள்ளைச் சட்டை ஒன்று, கறுப்பு பேண்ட் ஒன்று. டை? அது மேன்ஷனில் பக்கத்து அறைக்காரனிடம் இருக்கும். ஏற்கெனவே முடிச்சுப் போட்டு ஆணியில் தொங்கும். அந்த முடிச்சை யார் போட்டது, எந்த வருடம் போட்டது என்பது யாருக்கும் தெரியாது. அவிழ்த்துவிட்டால் திரும்பப் போடத் தெரிந்தவர் திருவல்லிக்கேணியிலேயே இல்லை என்பதால், அப்படியே தலை வழியாக மாட்டி, இறுக்கி, போய், தோற்று, திரும்பி வந்து ஆணியில் மாட்டிவிடுவோம். நான் பி.காம். முடித்த வருடம் அந்த ஒரே டை பதினோரு பேரை இன்டர்வியூவுக்கு அனுப்பியது. நாலு பேருக்கு வேலைகூடக் கிடைத்தது. (அதில் நான் இல்லை. இருந்திருந்தால் உங்களுக்கு இந்தப் பக்கம் இருந்திருக்காது.)

இந்த அனுபவத் திமிரில்தான், போன மாதம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி என் மனைவி, "ஏங்க, புதன்கிழமை இன்டர்வியூ. 'பிசினஸ் ஃபார்மல்ஸ்'னு போட்டிருக்காங்க. என்ன போட்டுக்கறது?" என்று கேட்டபோது, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏதாவது நல்லதா போட்டுக்கோயேன்" என்று சொல்லிவிட்டேன்.

சத்தமே இல்லை. கல்யாணமாகி சில வருடங்கள் ஆனவர்களுக்குத் தெரியும், சத்தம் வந்தால் பயமில்லை.

விஷயம் இதுதான். அம்மணி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவள். பெண் பிறந்ததும் 'ஒரு வருஷம்' என்று வீட்டில் உட்கார்ந்தாள். அந்த ஒரு வருஷம் ஆறு வருஷமாகிவிட்டது. பெண் இப்போது யு.கே.ஜி. நானோ பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன். எங்கள் வீட்டுக்குச் செக் வருவது வடகிழக்குப் பருவமழை மாதிரி. வந்தால் சேர்ந்து வரும், வராவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். வீட்டுக் கடன் தவணை மட்டும் மாதாமாதம் ஐந்தாம் தேதி தவறாமல் வந்து நிற்கும். ஆகவே அந்தப் புதன்கிழமை எங்கள் வீட்டில் சாதாரணப் புதன்கிழமை இல்லை.

"புடவை கட்டிக்கிட்டுப் போம்மா. அதைவிட மரியாதையா என்ன இருக்கு?" என்றாள் என் அம்மா.

நானும் ஒத்து ஊதினேன். 2013-லிருந்து 2017 வரை ஸ்டேட் பாங்கையே கட்டி ஆண்ட அருந்ததி பட்டாச்சார்யா புடவைதான் கட்டினார். 2014-ல் செவ்வாய்க்கு மங்கள்யான் போய்ச் சேர்ந்தபோது, இஸ்ரோவில் பட்டுப் புடவையும் தலையில் பூவுமாகப் பெண்கள் சிரித்துக்கொண்டு நின்ற போட்டோ உலகம் பூரா சுற்றியது. செவ்வாய்க்கே புடவை போதும்போது சோழிங்கநல்லூருக்குப் போதாதா?

"அவங்க எல்லாரும் நாற்காலியில உட்கார்ந்துட்டுப் புடவை கட்டறாங்க. நான் நாற்காலி கேட்டுப் போறேன்" என்றாள் மனைவி. பிறகு கொஞ்சம் மெதுவாக, "ஆறு வருஷமா வீட்டுல கட்டின புடவையையே கட்டிட்டுப் போனா, வீட்டுலேர்ந்து வந்தவ மாதிரியே எனக்கே இருக்குங்க" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே வேலை பார்க்கும் அவள் தோழியும் போனில் "கோட், பேண்ட் போட்டுட்டு வாடி" என்று சொல்லிவிட்டாளாம். சூட் என்று முடிவாயிற்று.

உடனே எனக்கு ஒரு பொருளாதார யோசனை பிறந்தது. தமிழ்நாட்டில் கல்யாணமான ஒவ்வொரு ஆணிடமும் ஒரு கோட்டு உண்டு. ரிசப்ஷனன்று மூன்று மணி நேரம் போட்டு, வியர்த்து, அந்துருண்டையோடு பீரோவில் சமாதி வைத்த கோட்டு. அதை எடுத்துக்கொண்டு தெருமுனை டெய்லர் பாயிடம் போனேன். "பாய், இதை அவங்களுக்குப் பிடிச்சுக் கொடுங்க."

அவர் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார், இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தைக்கூட ஓரளவு பார்க்கலாம். ஷோல்டர்ல கை வெச்சா மொத்தக் கோட்டையும் பிரிக்கணும். அதுக்குப் புதுசே தெச்சிடலாம். அப்புறம், பட்டன் வேற வலது பக்கம் இருக்கு."

பட்டன் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று நினைப்பீர்கள். ஆண் கோட்டில் பட்டன் வலது பக்கம், இடது மேலே வந்து மூடும். பெண் கோட்டில் எல்லாம் நேர் எதிர். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சீமாட்டிகளுக்குப் பணிப்பெண் எதிரே நின்று பட்டன் போட்டுவிடுவாள், அவளுடைய வலது கைக்கு வசதியாக வைத்தார்கள் என்பது ஒரு கதை. எங்கள் வீட்டில் அப்படி யாரும் போட்டுவிடுவதில்லை. இருந்தாலும் விதி விதிதான்.

சனிக்கிழமை தி.நகர். பெரிய ஜவுளிக்கடை. வாசலில் நின்ற பையனிடம், "லேடீஸ் சூட் எங்கேப்பா?" என்றேன்.

"மூணாவது மாடி சார்!"

மூன்றாவது மாடியில் எங்களை உட்கார வைத்து, இருபது நிமிஷத்தில் நாற்பது சுடிதார் செட்டைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அந்தப் பையன்மேல் தப்பில்லை. வடக்கே 'சூட்' என்றால் சல்வார் கமீஸ்தான். அந்தப் பெயரே பார்சலோடு இங்கேயும் வந்துவிட்டது. "பாட்டியாலாவா, அனார்கலியாக்கா?" என்று கேட்டவனிடம், "கோட்டுப்பா, கோட்டு! பேண்ட்!" என்று நான் கையை ஆட்டிக் காட்டியதும் முகம் மலர்ந்து, "ஜென்ட்ஸ் செகண்ட் ஃப்ளோர் சார்" என்றான்.

இரண்டாவது மாடியில் ஆண்களுக்கான கோட்டுகள் ஒரு பட்டாளம் மாதிரி வரிசை கட்டி நின்றன. அளவெடுக்க ஆள், மூன்று பக்கமும் கண்ணாடி, குடிக்கத் தண்ணீர். பெண்களுக்கு? கடைக்கோடியில் ஒரே ஒரு ஸ்டாண்ட். அதில் ஒன்பது கோட்டு. ஒன்றில் ஜிகினா. இன்னொன்றில் புலித்தோல் டிசைன். எந்த ஆபீசில் அக்கவுன்டன்ட் வேலைக்குப் புலித்தோல் கேட்கிறார்கள்?

இந்த வேற்றுமை நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். பெண்ணுக்கு பேண்ட் போட்ட சூட்டை 1966-ல் ஈவ் செயின்ட் லோரன் பாரீஸில் ஃபேஷனாக்கினார். அதற்குப் பதினோரு வருஷம் கழித்து, 1977-ல், ஜான் மொல்லாய் என்ற அமெரிக்கர் வேலைக்குப் போகும் பெண்களுக்கென்றே உடை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சிபாரிசு செய்தது பாவாடை வைத்த சூட். அமெரிக்க செனட் சபைக்குள் பெண் உறுப்பினர்கள் பேண்ட் போட்டுக்கொண்டு வர 1993 ஆகிவிட்டது. அதற்கும் முதலில் இரண்டு பேர் துணிந்து போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதனால் தி.நகரில் ஒன்பது கோட்டு இருந்ததையே முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டு கீழே இறங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலுக்குப் போனோம். அங்கே கிடைத்தது. ஆனால் சைஸ் என்கிற சமாசாரம் இருக்கிறதே! ஒரு கடையில் அவள் 'எம்'. அடுத்த கடையில் 'எல்'. எதிர்க்கடையில் 'எக்ஸ் எல்'. இருபதடி நடந்ததில் இரண்டு சைஸ் ஏறிவிட்டாள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு அட்டவணை. இந்திய உடம்புக்கென்று ஒரு அட்டவணை வேண்டும் என்று, ஆட்களை நிற்க வைத்து அளக்க 'இந்தியாசைஸ்' என்று நிஃப்ட் ஒரு திட்டமே தொடங்க வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரயல் ரூமிலிருந்து 'எக்ஸ் எல்'லோடு வந்தவள் முகம் வாடியிருந்தது. "அது உன் சைஸ் இல்லை, அவன் சைஸ்" என்றேன். பல வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உருப்படியான வாக்கியம் அது.

டெய்லர் பாய் சொன்ன சூத்திரம் கைகொடுத்தது. முதலில் தோள். தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும். அங்கே சரியாக இருந்தால் மற்றதைப் பிடித்துக்கொள்ளலாம். பட்டனைப் போட்டால் வயிற்றில் 'எக்ஸ்' மாதிரி சுருக்கம் விழக் கூடாது. கை மணிக்கட்டு எலும்போடு நிற்க வேண்டும். எல்லோரும் கண்ணாடி முன் நின்றுதான் பார்ப்பார்கள். அம்மணி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள், கை குலுக்குகிற மாதிரி நீட்டிப் பார்த்தாள். "இன்டர்வியூல நிக்கவா போறேன்?" என்றாள். சரிதானே!

நிறம்? கறுப்பு வேண்டாம் என்று வீடியோ காலில் அம்மா தடை போட்டுவிட்டாள். "வக்கீல் மாதிரி இருக்குடா." நேவி ப்ளூ. கடை வெளிச்சத்தில் நேவியும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். கோட்டையும் பேண்ட்டையும் கடை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். காவலுக்கு நின்றவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே லேபிளில் பாலியஸ்டர் 63, விஸ்கோஸ் 33, எலாஸ்டேன் 4 என்று இருந்தது. சென்னை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனால் இட்லி மாதிரி வெந்துவிடலாம். கோட்டைக் கையில் மடித்து எடுத்துப் போய், ஏ.சி.க்குள் நுழைந்ததும் போட்டுக்கொள்வது என்று ஏற்பாடு.

கோட் 4,999. பேண்ட் 2,299. ஆக 7,298. காமர்ஸ் படித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? 2025 செப்டம்பர் 22-லிருந்து 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட துணிமணிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்குள் என்றால் 5. அந்தக் கணக்கில் இதில் சுமார் 872 ரூபாய் சர்க்காருக்கு. கடன் அட்டையைத் தேய்க்கும்போது நான் மனசுக்குள் ஐந்தாம் தேதியை நினைத்துக்கொண்டேன். அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள். "வேலை கிடைக்கலேன்னா?" என்றாள் படி இறங்கும்போது. நான் காது கேட்காத மாதிரி நடந்தேன்.

பேண்ட் நீளம் குறைக்க பாயிடம் கொடுத்து, செவ்வாய் சாயந்திரம் வந்து சேர்ந்தது. இங்கேதான் நான் நுழைகிறேன்.

புதுக் கோட்டில் பின்பக்கப் பிளவைப் பெருக்கல் குறி மாதிரி நூல் போட்டு மூடியிருப்பார்கள். அதை வெட்டிவிட வேண்டும். நம்மில் பாதிப் பேர் வெட்டாமலே ரிசப்ஷனில் நிற்கிறோம். கையில் தைத்திருக்கும் கம்பெனி லேபிளையும் பிரிக்க வேண்டும். பாக்கெட்டையும் தைத்து மூடியிருப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று காட்ட பிளேடோடு உட்கார்ந்தேன். பின்பக்கம், வெற்றி. லேபிள், வெற்றி. பக்கவாட்டு பாக்கெட் இரண்டும் திறந்தன. அந்த உற்சாகத்தில் மார்புப் பக்கத்துச் சின்னப் பாக்கெட்டையும் கீறினேன். விரலை விட்டேன். பாக்கெட் இல்லை. வெள்ளைக் கேன்வாஸ் பல்லைக் காட்டியது.

பெண்கள் கோட்டில் பாதிப் பாக்கெட் பொய்ப் பாக்கெட் என்பதை அந்தக் கணத்தில்தான் தெரிந்துகொண்டேன். தளர்வான பெரிய தையல் என்றால் பிரிக்கலாம். துணி நிறத்திலேயே நெருக்கமான மெஷின் தையல் என்றால் தொடவே கூடாது. மணி ராத்திரி எட்டே முக்கால். மனைவி பார்த்தாள். திட்டவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

நான் கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாய் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து உள்ளே நுழைந்தேன். கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "பேண்ட்ல வெட்டின துண்டு இருக்கா பாரு" என்று பையனிடம் சொன்னார். குப்பைக்கூடையில் இருந்தது! அதே துணி. முக்கால் மணி நேரத்தில் கிழிசலை நிஜப் பாக்கெட்டாகவே ஆக்கிவிட்டார். 120 ரூபாயும், "பிளேடெல்லாம் ஷேவிங்கோட நிறுத்திக்குங்க சார்" என்ற உபதேசமும்.

காலையில் பெண் அந்தப் புதுப் பாக்கெட்டில் ஓர் ஆரஞ்சு மிட்டாயைப் போட்டு அனுப்பினாள். இன்டர்வியூ அறையில் அம்மணி, சட்டையில் செருகும் விசிட்டர் கார்டை அந்தப் பாக்கெட்டிலிருந்து எடுத்தபோது மிட்டாய் மேஜைமேல் உருண்டிருக்கிறது. மூன்று பேரில் ஒருவர் பெண்மணி. சிரித்துவிட்டு, "எத்தனை வயசு?" என்றாராம். "ஆறு வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேட்டாங்க. நீங்களே பார்த்துட்டீங்களேன்னு சொல்லிட்டேன். அப்புறம் பூராவும் ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்.தான். தெரியாததைத் தெரியாதுன்னேன்" என்றாள் சாயந்திரம், கோட்டை ஹாங்கரில் மாட்டியபடி.

வெள்ளிக்கிழமை மெயில். இரண்டாவது ரவுண்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. வீடியோவில், வீட்டிலிருந்தே.

திங்கட்கிழமை படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. நானும் பெண்ணும் ஹாலில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம். குக்கர்கூட வைக்க வேண்டாம் என்று அம்மாவுக்கு உத்தரவு. கதவு மூடுவதற்கு முன் ஒரு கணம் பார்த்தேன். மேலே நேவி ப்ளூ கோட்டு, வெள்ளைச் சட்டை, வாரி முடிந்த தலை. கீழே பூப்போட்ட நைட்டி.

2,299 ரூபாய் பேண்ட், 5 சதவீத வரியோடு, கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே அவள் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.