வெட்டப்பட்ட கடைசிக் காட்சி

பைக்கில் வரும் இருவர், தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். 2018இல் இந்தியாவின் பல மாநிலங்களில் வாட்ஸ்அப்பில் பரவிய வீடியோ அத்துடன் முடிந்துவிடும். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் எச்சரிக்கை வாசகத்தை விரித்துக் காட்டுவார்கள். அந்தப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாகக் குரல் பதிவுகளும் அந்நாட்களில் சுற்றின. அந்த ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்ணைக் கூட்டம் அடித்தே கொன்றது. வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் பகிர முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது அதன் பிறகுதான்.

வதந்தியை நம்புவது படிக்காதவர்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வதந்திகளுக்குப் பயந்து பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாமென்ற பெற்றோரில் நன்கு படித்தவர்களும் இருந்தார்கள். முகாமையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. ‘நாங்கள் கேள்விதானே கேட்கிறோம்’ என்பது அவர்கள் வாதம். ஆனால் மருத்துவர் சொல்லும் பதிலைக் காதில் வாங்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது சிந்தனை ஆகாது. ஆதாரம் வந்தால் கருத்தை மாற்றிக்கொள்ளும் மனமும் சேர்ந்ததுதான் அது.

அந்த மனத்தைப் பள்ளியில் வளர்க்க முடியும். கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், மாவட்ட ஆட்சியராக இருந்த மிர் முகம்மது அலியின் முயற்சியால், 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியை இனங்காணும் வகுப்புகள் நடந்தன. ஒரு செய்தியை யார் சொன்னது, எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் தனி வகுப்புகூடத் தேவையில்லை. இருக்கும் ஆய்வகமே போதும். ப்ளஸ் ஒன் இயற்பியலில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையை எடுத்துக்கொள்வோம். விடை 9.8 என்று மாணவருக்கு முன்பே தெரியும். 9.3 வந்தால் என்ன செய்கிறார்? பல நேரங்களில் அளவீடுகளைத் திருத்தி, 9.8 வரும்படி ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறார். மதிப்பெண்ணும் விழுகிறது. கண்ணால் கண்டதைவிடப் புத்தகம் சொன்னதையே எழுத வேண்டும் என்ற பாடத்தை, அறிவியலின் பெயரால், 16 வயதில் அவர் கற்றுக்கொள்கிறார். இதைவிடக் கெடுதலான பயிற்சி வேறில்லை.

9.3 ஏன் வந்தது என்பதில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் விட்டிருக்கலாம். ஊசலை அதிகக் கோணத்துக்கு இழுத்துவிட்டிருக்கலாம். அலைவுகளை எண்ணுவதில் ஒன்று தவறியிருக்கலாம். ஒவ்வொன்றையும் மறுபடி செய்து சரிபார்க்க முடியும். செய்முறைத் தேர்வில் இந்த விளக்கத்துக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கி, திருத்தாத அளவீட்டை எழுதியவருக்கு மதிப்பெண் குறையாது என்று கல்வித்துறை அறிவித்தால், அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.