20,000 ரூபாய் லென்ஸா, 2 லட்ச ரூபாய் லென்ஸா? மாமல்லபுரத்து வெளிச்சத்தைக் கேளுங்கள்!

இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் போனின் பின்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அங்கே இருக்கும் மெயின் கேமராவில் ஜூம் செய்ய நகரும் கண்ணாடி எதுவும் கிடையாது. ஒரே பார்வைக் கோணம்தான். கேமராக்காரர்கள் இதைத்தான் 'பிரைம் லென்ஸ்' என்கிறார்கள். ஆக, நம்மில் பெரும்பாலானோர் தெரியாமலேயே பிரைம் லென்ஸில்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பிரச்னை எப்போது ஆரம்பிக்கிறது? தனி கேமரா வாங்கிய பிறகு. கூடவே வந்த 18-55 லென்ஸ் சீக்கிரம் போரடிக்கும். "ஒரு 50 மி.மீ. பிரைம் வாங்கு, படம் வேற லெவல்ல இருக்கும்" என்று நண்பர் சொல்வார். கடைக்குப் போனால் அதே 50 மி.மீ. 20,000 ரூபாயை ஒட்டியும் இருக்கும், 2 லட்சத்தைத் தாண்டியும் இருக்கும். "இ.எம்.ஐ. போட்டுடலாமா?" என்று மனசு கேட்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை ஒரு ரவுண்டு போய் வரலாம், வாங்க.

அந்தப் பணம் எங்கே போகிறது?

கேனானின் இரண்டு லென்ஸ்களை எடுத்துக்கொள்வோம். ஆர்.எஃப் 50 மி.மீ. எஃப் 1.8, 2020-ல் வந்தது. அமெரிக்காவில் அறிமுக விலை சுமார் 200 டாலர், எடை 160 கிராம், உள்ளே 6 கண்ணாடிகள். ஆர்.எஃப் 50 மி.மீ. எஃப் 1.2 எல், 2018-ல் வந்தது. அறிமுக விலை சுமார் 2,300 டாலர், எடை 950 கிராம், உள்ளே 15 கண்ணாடிகள். விலை 11 மடங்குக்கு மேல். நம்மூர் விலை தள்ளுபடியைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆனால், இடைவெளி ஏறக்குறைய இதேதான்.

மலிவானது மட்டமானது என்று நினைத்துவிட வேண்டாம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்கள் பலவற்றின் அடிப்படை வடிவமைப்பு, 1896-ல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் உருவாக்கிய 'பிளானார்' லென்ஸின் வழி வந்தது. நூறு வருடத்துக்கும் மேலாகப் பழகிய வேலை, லட்சக்கணக்கில் உற்பத்தி. அதனால்தான் விலை குறைவு.

சரி, எஃப் 1.2-க்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? வெளிச்சம்தான். அபர்ச்சர் என்பது லென்ஸின் ஜன்னல். எஃப் எண் குறையக் குறைய ஜன்னல் பெரிதாகும். எஃப் 1.8-ஐ விட எஃப் 1.2-வில் 2.25 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அந்தப் பெரிய ஜன்னலை முழுசாகத் திறந்தாலும் படத்தின் ஓரம்வரை கூர்மை கெடாமல் காப்பதற்குத்தான் அந்த 15 கண்ணாடிகள். கூடவே உறுதியான உடம்பு, தூசியும் ஈரமும் எளிதில் புகாத அடைப்பு. 11 மடங்கு விலைக்குப் படமும் 11 மடங்கு நன்றாக வந்துவிடாது. அந்த வித்தியாசம் சில சூழ்நிலைகளில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். எந்தச் சூழ்நிலை என்று பார்ப்போம்.

மதிய வெயில்: இரண்டும் ஒன்றுதான்

முதல் ஸ்டாப், 8-ம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயில். சுற்றுலா வருகிறவர்கள் பலர் இங்கே படம் எடுப்பது நல்ல வெயிலில். அந்த வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஷட்டர் வேகம் 1/400 விநாடி என்று வைத்தாலே போதும். கோயிலும் தெரியும், முன்னால் நிற்கும் அத்தையும் தெளிவாகத் தெரிவார்.

எஃப் 8-ல் வைத்துவிட்டால் இந்த இரண்டு 50 மி.மீ. லென்ஸின் ஜன்னலும் ஒரே அளவுதான். 20,000 ரூபாய் லென்ஸ் நன்றாகவே வேலை செய்யும் இடமும் இதுதான். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது விலை உயர்ந்த லென்ஸில் எடுத்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

"இல்ல, நான் 1.2-வில்தான் எடுப்பேன்" என்று அடம்பிடித்தால்? அந்த வெயிலுக்கு ஷட்டர் வேகம் 1/17,000 விநாடியைத் தாண்ட வேண்டும். பெரும்பாலான கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000 அல்லது 1/8000-த்தோடு நின்றுவிடும். வெளிச்சத்தைக் குறைக்க என்.டி. ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியை மாட்ட வேண்டியிருக்கும். வெளிச்சத்துக்காக லட்சம் கொடுத்துவிட்டு, அதே வெளிச்சத்தை மறைக்க மறுபடியும் செலவு!

ஒரு விதிவிலக்கு உண்டு. கோயிலுக்குப் பின்னால் கடலிலிருந்து சூரியன் எழும்போது, நேர் எதிரே கேமராவை நீட்டினால் படத்தில் வெளுப்பும் ஒளிப்புள்ளிகளும் விழும். விலை உயர்ந்த லென்ஸ்களின் கண்ணாடிப் பூச்சு இதைப் பெரும்பாலும் நன்றாகச் சமாளிக்கும். பக்கவாட்டு வெளிச்சம் என்றால் லென்ஸ் ஹூட்டே போதும். சில மலிவு லென்ஸ்களுக்கு அதைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும், கேட்டு வாங்குங்கள்.

குடைவரைக்குள்: விலையை விட மி.மீ. முக்கியம்

அடுத்து, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மகிஷாசுரமர்த்தினி மண்டபம். ஒரு சுவரில் துர்க்கையின் போர், எதிர்ச்சுவரில் பள்ளிகொண்ட பெருமாள். வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் கண்ணே பழகச் சில நொடிகள் பிடிக்கும். தொல்லியல் துறையின் இடம் என்பதால் அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க முடியாது. கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். ஆக, அபர்ச்சர் பெரிதாக இருக்கும் லென்ஸுக்கு இங்கே வேலை உண்டு.

ஆனால், அதற்கு முன்னால் வேறொரு சிக்கல் வரும். ஆரம்பநிலை கேமராக்கள் பலவற்றில் சென்சார் சிறியது, ஏ.பி.எஸ்.சி. அளவு. அதில் 50 மி.மீ. மாட்டினால் 75 அல்லது 80 மி.மீ. போலப் பார்க்கும். சிற்பத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால் ஒன்றரை மீட்டர் அகலம்கூட படத்துக்குள் வராது. பின்னால் போகலாம் என்றால் சுவர் இடிக்கும். அதே இடத்தில் 24 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 3 மீட்டர் அகலத்தைக் காட்டும்.

2 லட்சம் கொடுத்து வாங்கிய 50-ஆக இருந்தாலும் இங்கே அது தோற்றுப்போகும். நிக்கானின் இசட் டி.எக்ஸ் 24 மி.மீ. எஃப் 1.7 (135 கிராம்), கேனானின் ஆர்.எஃப் 28 மி.மீ. எஃப் 2.8 (120 கிராம்) மாதிரியான குட்டி லென்ஸ்கள் ஜெயித்துவிடும். எனவே முதலில் முடிவு செய்ய வேண்டியது எத்தனை மி.மீ. என்பதை. எத்தனை ரூபாய் என்பது அதற்குப் பிறகு.

மாலை மேடை: இங்கேதான் பணம் பேசும்

டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவுக்கு மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா? இருட்டிய பிறகு மேடை விளக்கில் ஆட்டம். ஆடுகிறவரின் கை அசைவு கலங்காமல் நிற்க 1/250 விநாடிக்குக் குறையாத வேகம் வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. கிட் லென்ஸில் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 6400 வைத்தும் 1/50 விநாடிதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தில் கை இருக்கும் இடத்தில் புகைதான் தெரியும். எஃப் 1.8 பிரைம் மாட்டினால் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம். அதே ஐ.எஸ்.ஓ-வில் 1/500 விநாடி கிடைத்துவிடும். முத்திரை அப்படியே உறைந்து நிற்கும்.

இன்னும் மேலே எஃப் 1.2-வுக்குப் போனால்? ஐ.எஸ்.ஓ. 6400-லிருந்து 2800-க்கு இறங்கலாம். படத்தில் புள்ளி குறையும், நிறம் சுத்தமாக வரும். நல்லதுதான். ஆனால், கணக்கைப் பாருங்கள். கிட் லென்ஸிலிருந்து எஃப் 1.8-க்கு மாற 20,000 ரூபாய் செலவு, 10 மடங்கு லாபம். அங்கிருந்து எஃப் 1.2-வுக்குப் போக மேலும் ஏறக்குறைய 2 லட்சம், லாபம் 2.25 மடங்கு. முதல் படி உயரமானது, விலையோ குறைவு. இரண்டாவது படி குட்டையானது, விலையோ மலை.

இன்னொரு வேடிக்கை, குடைவரைக்குள் சொதப்பிய அதே 50 மி.மீ. சிறிய சென்சாரில் 75 போலப் பார்ப்பதால், முன்வரிசையிலிருந்து மேடையை எடுக்கப் பொருத்தமாக இருக்கும்.

கல்யாண மண்டபம்: படம் எங்கே போகப்போகிறது?

திரும்பி செங்கல்பட்டுக்கு வருவோம். தாத்தா-பாட்டிக்கு அறுபதாம் கல்யாணம். இரண்டு வரிசையாகச் சொந்தக்காரர்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ. மாட்டி, 4 மீட்டர் தள்ளி நின்று எஃப் 1.2-வில் எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் அரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. முன்வரிசை தெளிவு, பின்வரிசை மாமா மங்கல். வீட்டில் சண்டை வரும்! எஃப் 5.6-க்குக் குறுக்கினால் 2 மீட்டர் ஆழம் கிடைக்கும். குறுக்கிய பிறகு மறுபடியும் 20,000-மும் 2 லட்சமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எடுத்த படம் எங்கே போகும்? குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு. 1080-க்கு 2400 திரை என்றால் மொத்தமே சுமார் 26 லட்சம் புள்ளிகள். உங்கள் கேமரா எடுப்பதோ 240 லட்சம். வாட்ஸ்அப் வேறு சுருக்கி அனுப்பும். மூலையில் விலை உயர்ந்த லென்ஸ் காப்பாற்றிய கூர்மையை இந்தப் பயணத்தில் யாருமே பார்க்கப்போவதில்லை. ஏ4 அளவில் நல்ல பிரின்ட் போடக்கூட 90 லட்சம் புள்ளிகளுக்குள் போதும். சுவர் அளவுக்குப் பிரின்ட் போடுகிறவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு.

கூடுதல் பணம் கொடுக்கலாமா? யார்?

கொடுக்கலாம். இருட்டில் எடுத்துச் சம்பாதிக்கிறவர்கள், மழையிலும் கடற்காற்றிலும் வேலை பார்க்கிறவர்கள், மணமக்கள் முகம் மட்டும் துலங்கிப் பின்னணி கரைந்து நிற்க வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர் உள்ளவர்கள். அவர்களுக்கு அது தொழில் கருவி. முதலில் நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வருஷத்தில் எத்தனை நாள் வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்று குறித்துவையுங்கள். அந்தத் தொகை இ.எம்.ஐ-யைத் தாண்டினால் வாங்குங்கள்.

எஃப் எண்ணைப் பார்த்து மட்டும் தரத்தை முடிவு செய்ய வேண்டாம். நிக்கானின் இசட் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ், 2018-ல் சுமார் 600 டாலருக்கு வந்தது. 2024-ல் வந்த எஃப் 1.4, சுமார் 500 டாலர்தான். ஜன்னல் பெரிது, விலை குறைவு! கூர்மைக்குக் கூடுதல் கவனம் கொடுத்துச் செய்தது எஃப் 1.8 எஸ்.

கடைக்குப் போகும் முன்

1. கிட் லென்ஸில் எடுத்த கடைசி 200 படங்களின் விவரங்களைப் பாருங்கள். அதிகமாக எத்தனை மி.மீ-யில் எடுத்திருக்கிறீர்களோ, அதுதான் உங்கள் பிரைம்.

2. உங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே காட்சியை முழு அபர்ச்சரிலும் எஃப் 8-லும் எடுத்து, வீட்டுக்கு வந்து நிதானமாக ஒப்பிடுங்கள்.

3. செகண்ட் ஹேண்ட் என்றால் போன் டார்ச்சை லென்ஸ் வழியே அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஈரக்காற்றில் இது சகஜம், வாங்காதீர்கள்.

4. ஜி.எஸ்.டி. பில்லும் இந்திய வாரன்ட்டியும் இல்லாத 'சீப் ரேட்' லென்ஸ் ரிப்பேருக்குப் போகும்போது சீப்பாக இருக்காது.

5. மிச்சமாகும் பணத்தில் சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ளோயர், ஒரு காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல். கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். உப்பும் மணலும் ஒட்டிய கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதித் தள்ளுங்கள், அப்புறம் துடையுங்கள். கோடு விழுந்துவிட்டால் 2 லட்சம் லென்ஸும் கோடு விழுந்த லென்ஸ்தான்.

கடைசியாக ஒன்று. "இதை வெச்சு வேடந்தாங்கல்ல பறவை எடுக்கலாமா?" என்று கேட்டால், 20,000-மும் சரி, 2 லட்சமும் சரி, 50 மி.மீ-யில் கூழைக்கடா ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் வரும். அதற்கு டெலி லென்ஸ் வேண்டும். அது வேறு பட்ஜெட்!