நீரிழிவும் ரேஷன் கோதுமையும்

நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகை நோயாளிகள். பார்வை இழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, ஆறாத கால் புண் என நோயின் பின்விளைவுகளே குடும்பங்களைக் கடனில் தள்ளுகின்றன.

ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது. ரத்த நாளங்களும் நரம்புகளும் கெட அதுவும் ஒரு காரணம். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்தை மாத்திரையாக விழுங்கினால் போதாதா? வைட்டமின் 'இ' மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்த 'ஹோப்' ஆய்வில், நீரிழிவு நோயாளிகளின் இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ பலன் ஏதும் கிட்டவில்லை என்பது 2002-லேயே தெளிவாகிவிட்டது. ஆயினும் வியாபாரம் குறையவில்லை. சத்து மாத்திரைகளில் பல, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உணவாகவே விற்கப்படுகின்றன. நோயைக் குணப்படுத்தும் என்று கூற விதி இடம் தருவதில்லை. சொல்லாமல் சொல்லும் வித்தை விளம்பரங்களுக்குத் தெரியும்.

சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதே முதல் தேவை. அதற்குத் துணை நிற்பது கீரை, காய்கறி, பருப்பு சேர்ந்த உணவு. ஐதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும் என்றும், தானியத்தின் பங்கு 45 சதவீத கலோரியைத் தாண்டக் கூடாது என்றும் 2024-ல் அறிவுறுத்தியது.

ஆனால், 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சுமார் 80 கோடிப் பேருக்கு வழங்குவது தானியம் மட்டுமே. அதிலும் அரிசியும் கோதுமையுமே மிகுதி. சிறுதானியத்துக்குச் சட்டத்தில் இடமிருந்தும் ரேஷன் கடையில் அது அரிது. தமிழகம் துவரம் பருப்பை மானிய விலையில் தருவது மாநில அரசின் சொந்த முயற்சி.

சிறுநீரகம் பழுதானபின் டயாலிசிஸ் செய்ய 2016 முதல் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. வரவேற்க வேண்டியதே. ஆனால் அந்தக் கட்டத்தில், பொட்டாசியம் மிகும் என்பதால் பல காய்களையும் பழங்களையும் மருத்துவர்களே குறைக்கச் சொல்கிறார்கள். கொடுத்திருக்க வேண்டிய காலம் அதற்குள் கடந்துவிடுகிறது.

ரேஷனில் வழங்கும் பொருள்களைப் படிப்படியாக விரிவாக்க அரசுகள் முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு கூறுகிறது. இலவச தானியத் திட்டத்தை 2024 ஜனவரி முதல் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்த மத்திய அரசு, அந்தப் பிரிவைக் கையில் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டிய இடம் நாடாளுமன்றம்.