ஜாக்கெட்டுக்குள் இருக்கும் பனியன் முதலில் மாறட்டும்

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளிலும் ஷா ஆலம் தொழிற்பேட்டைகளிலும் உறைந்த இறைச்சி, மீன், ஐஸ்கிரீம் பெட்டிகளை ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் ஒரு நாளில் பல முறை ஒரு வாசலைக் கடக்கிறார்கள். வாசலுக்கு வெளியே வெப்பம் 32 அல்லது 33 டிகிரி செல்சியஸ். உள்ளே உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி, சில அறைகளில் அதற்கும் குறைவு. பத்தடி தூரத்துக்குள் 50 டிகிரி வித்தியாசம்.

இந்த வேலைக்கு நிறுவனங்கள் சீருடை கொடுக்கின்றன. மேலே போட்டுக்கொள்ளத் தடித்த குளிர் ஜாக்கெட்டும் கொடுக்கின்றன. ஆனால், சீருடைக்கு உள்ளே எதை உடுத்துவது என்பதைப் பல இடங்களில் தொழிலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறார்கள். அவரும் வீட்டில் இருக்கும் பருத்திப் பனியனைப் போட்டுக்கொண்டு வருகிறார். குளிர் அதிகமென்றால் இரண்டு பனியன். இன்னும் அதிகமென்றால் சீருடைக் காற்சட்டைக்குள் பழைய ஜீன்ஸ்.

இதில்தான் கோளாறு இருக்கிறது. குளிர் அறையில் வேலை செய்பவருக்குத் தோலை ஒட்டியிருக்கும் அந்த முதல் துணி, மேலே போடும் ஜாக்கெட்டுக்கு இணையான பாதுகாப்புச் சாதனம். அதைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டும். அதை வாங்கித் தரும் பொறுப்பை முதலாளிகள் ஏற்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் அறிவியலிலேயே இருக்கிறது.

குளிரவைப்பது நம் வியர்வையே

துணி நமக்கு வெப்பம் தருவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது உடல். அது வெளியேறாமல் காப்பது துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். தண்ணீரோ அதைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். ஆகவே, துணியின் இழைகளுக்கு இடையே காற்று இருக்கும் வரைதான் அது கம்பளி. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் அது ஈரத்துணி.

பனி நாடுகளில் அந்த ஈரம் மழையிலிருந்தோ பனியிலிருந்தோ வரலாம். நம் நாட்டுக் குளிர் அறையில் அது நம் உடம்பிலிருந்தே வருகிறது. லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது சட்டை நனைகிறது. அதே உடுப்போடு உள்ளே போய் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது.

இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. பனியனில் 100 கிராம் வியர்வை ஊறியிருந்தால், அது முழுதும் உலர 2,40,000 ஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் நொடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. அப்படியானால், அவருடைய உடல் 40 நிமிடங்களில் உண்டாக்கும் மொத்த வெப்பத்துக்குச் சமமான அளவு அந்த ஒரு பனியனை உலர்த்தவே தேவைப்படுகிறது. அதன் பெரும்பகுதியைக் கொடுப்பது அவருடைய உடல்தான்.

வெயிலில் இதே ஆவியாதல்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. குளிர் அறையில் அதுவே நமக்கு எதிராகத் திரும்புகிறது. பனியனை இரட்டிப்பாக்கினால் தண்ணீரைத் தேக்கும் தொட்டியைத்தான் இரட்டிப்பாக்குகிறோம்.

எந்த இழை எப்படி நடந்துகொள்ளும்?

சாதாரண அறைக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நனைந்துவிட்டாலோ துணியாகத் தன் எடைக்கும் அதிகமான தண்ணீரைத் தாங்கும். அதோடு தோலில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு அது அருமையான துணி; அதன் குணமே குளிர் அறையில் குற்றமாகிறது.

பாலியெஸ்டர் இழை உறிஞ்சும் ஈரம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. பாலிப்ரோப்பிலீன் ஏறத்தாழ எதையுமே உறிஞ்சுவதில்லை. இவற்றை மெல்லியதாகப் பின்னினால் வியர்வை இழைக்குள் போகாமல், இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வழிகளில் பரவி வெளிப்பக்கம் வந்து சேரும், விரைவில் உலரும். இவற்றின் குறை நாற்றம். உடலின் எண்ணெய்ப் பசையைப் பாலியெஸ்டர் பிடித்துவைத்துக்கொள்வதால் ஒரே நாளில் வாடை அடிக்கும்.

மெரினோ கம்பளி வேறு விதம். தன் எடையில் 30 விழுக்காடு வரை நீராவியை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. நாற்றமும் எளிதில் வராது. மெல்லிய மெரினோ உள்ளாடை நல்ல தேர்வுதான். ஆனால் விலை அதிகம், உலரவும் நேரமாகும், சுடுநீரிலும் உலர்த்தி இயந்திரத்திலும் சுருங்கிவிடக்கூடும்.

கடைகளில் இன்னும் இரண்டு வகைகளைப் பார்க்கலாம். ஒன்று, ‘மூங்கில் துணி’. மூங்கில் கூழை வேதிப்பொருள்களில் கரைத்து மீண்டும் இழையாக்கிய விஸ்கோஸ்தான் பெரும்பாலும் அந்தப் பெயரில் விற்கப்படுகிறது. அது பருத்தியைவிடவும் அதிகமாக ஈரம் உறிஞ்சும். மற்றொன்று, உடலின் ஈரத்தை வாங்கி வெப்பமாக மாற்றுவதாக விளம்பரம் செய்யப்படும் உள்ளாடை. நீராவியை உறிஞ்சும்போது இழை வெப்பத்தை வெளியிடுவது உண்மைதான். ஆனால் இழை நிறைந்ததும் அந்த வெப்பம் நின்றுவிடும். அலுவலகக் குளிரூட்டியின் கீழ் உட்கார்ந்திருப்பவருக்கு அது சுகமாக இருக்கலாம். மூட்டை தூக்கி வியர்ப்பவருக்கு, விஸ்கோஸ் அதிகம் கலந்திருந்தால், அதுவும் ஈரப் பனியன்தான். வாங்குவதற்கு முன் கழுத்துப் பட்டையில் அச்சிட்டிருக்கும் இழை விழுக்காட்டைப் படியுங்கள். விளம்பரத்தைவிட அதில் உண்மை அதிகம்.

மெல்லியது போதும்

தடிமன்தான் வெப்பம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. 1930களில் நார்வே நாட்டு ராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் பழைய மீன்பிடி வலையிலிருந்து ஓர் உள்சட்டை செய்தார். பெரிய துளைகள் நிறைந்த வலைப் பனியன் அது. துளைகளில் காற்று நிற்கிறது. மேலே இன்னொரு சட்டை மூடினால் அந்தக் காற்று அசைவதில்லை. வியர்வையோ துளைகள் வழியே வெளியேறிவிடுகிறது. வலைகூட, மேலே சரியான மூடி இருந்தால், உடம்பைக் காக்கும் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

ஆகவே சீருடைக்குள் அணிவதை மெல்லியதாகவே தேர்ந்தெடுங்கள். உடம்போடு படிய வேண்டும். ஆனால் இறுக்கிப் பிடித்து இரத்த ஓட்டத்தைத் தடுக்கக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் குனிந்து நிமிரும்போதெல்லாம் வெப்பக் காற்று கழுத்து வழியே வெளியேறும். சட்டை இடுப்புக்குக் கீழே இறங்கி, பெட்டி தூக்கும்போது முதுகை விட்டு மேலேறாமல் இருக்க வேண்டும். காலுக்கும் நீள உள்ளாடை வேண்டும். ஜீன்ஸ் அதற்கு மாற்றாகாது, அதுவும் பருத்திதான்.

செய்யும் வேலையையும் கணக்கில் எடுங்கள். பெட்டிகளை எடுத்து அடுக்குபவரின் உடல் 300 வாட்டுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கக்கூடும். அதே அறையில் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்திருப்பவர் உண்டாக்குவது அதில் பாதிகூட இருக்காது. முதலாமவருக்கு மெல்லிய ஒற்றை உள்ளாடை போதும். இரண்டாமவருக்கு அதன்மேல் இன்னொரு மெல்லிய அடுக்கு தேவைப்படும். இருவருக்கும் ஒரே உடுப்பு என்றால், ஒருவர் வியர்ப்பார், மற்றவர் நடுங்குவார்.

கையில் காசு குறைவாக இருப்பவருக்கு ஒரு யோசனை. வீட்டில் இருக்கும் பழைய பாலியெஸ்டர் கால்பந்து ஜெர்சி, அளவாகப் பொருந்தினால், புதிய பருத்திப் பனியனைவிட நல்ல உள்சட்டை. பண்டல் கடைகளிலும் குளிர்நாட்டுத் தெர்மல் உள்ளாடைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தைத் தவிருங்கள்; அது இழைகளின்மேல் படிந்து வியர்வை பரவும் வழியைக் கெடுக்கும்.

கை விரைத்தால் உடம்பை மூடு

உள்ளாடை சுகத்துக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் விரல்களை நினைத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்க உடல் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும், உள்ளே வரும் வெப்பம் நின்றுவிட்டால் விரல் குளிரத்தான் செய்யும். கையின் தோல் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரல்களின் நுட்பமான அசைவு தெளிவாகக் குறைகிறது. ஃபோர்க்லிஃப்டின் நெம்புகோலைப் பிடிப்பவருக்கும், பெட்டிப் பட்டையைக் கத்தியால் அறுப்பவருக்கும் இது விபத்துக்கான வாசல். பக்கத்தில் நிற்பவருக்கும் அப்படித்தான்.

ஆனால் செயற்கை இழை எல்லாருக்கும் ஏற்றதன்று. பற்றவைப்பவர், மின்பலகையைத் திறந்து பழுது பார்ப்பவர், தீயணைப்பு வீரர் ஆகியோர் அதைத் தவிர்க்க வேண்டும். பாலிப்ரோப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரியிலும், பாலியெஸ்டர் 250 டிகிரியை ஒட்டியும் உருகும். உருகினால் தோலோடு ஒட்டிக்கொண்டு புண்ணை ஆழமாக்கும். இந்த ஆபத்தினால்தான் 2006இல் ஈராக்கிலிருந்த அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர், முகாமுக்கு வெளியே பணிக்குச் செல்லும்போது பாலியெஸ்டர், நைலான் கலந்த விளையாட்டு உடைகளை அணியத் தடை விதிக்கப்பட்டது. கம்பளி உருகாது, கருகும். குளிர் அறையின் குளிரூட்டும் எந்திரங்களைப் பராமரிப்பவர்களுக்கு மெரினோ கம்பளியோ, தீ எளிதில் பற்றாத சிறப்பு இழையோ ஏற்றது.

யார் வாங்கித் தருவது?

“ஜாக்கெட் கொடுத்துவிட்டோமே, பனியனுமா நாங்கள் வாங்கித் தர வேண்டும்?” என்று நிர்வாகிகள் கேட்கலாம். அதற்கான பதில் பல ஜாக்கெட்டுகளின் பட்டையிலேயே இருக்கிறது. குளிர்காப்பு உடைகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 342. இந்தத் தரத்தின்படி, சூடேற்றிய மனித உருவப் பொம்மைக்கு உடையை அணிவித்து அதன் வெப்பக் காப்பை அளக்கிறார்கள். அப்போது பொம்மைக்கு உள்ளாடையும் உண்டு. பட்டையில் எண்ணுக்கு அருகே ‘பி’ என்ற எழுத்து இருந்தால், நீளக்கை உள்சட்டையும் நீள உள்காற்சட்டையும் அடங்கிய ஒரு தொகுப்போடு அது சோதிக்கப்பட்டது என்று பொருள். அந்த உள்ளாடை இல்லாமல் ஜாக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டு, பட்டையில் உள்ள எண்ணைக் காட்டிப் பாதுகாப்பு அளித்துவிட்டோம் என்று சொல்வது பாதி உண்மை. பொம்மைக்குக் கிடைத்த உள்ளாடை தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டாமா?

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளரின் பாதுகாப்பையும் நலத்தையும் நடைமுறைக்கு இயன்ற அளவு உறுதி செய்யும் கடமையை முதலாளியிடம் ஒப்படைக்கிறது. அந்தச் சட்டத்தின்படி செய்யப்படும், வழங்கப்படும் எதற்கும் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் 26ஆவது பிரிவு. 2022இல் நிறைவேறிய திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் சட்டத்தை விரித்திருக்கிறது. குளிர் ஜாக்கெட்டைப் பாதுகாப்புச் சாதனமாக ஏற்கும் நிறுவனம், அதன் பலனுக்குத் தேவையான உள்ளாடையையும் அவ்வாறே ஏற்பதுதான் நேர்மை.

செலவு கட்டாது என்பார்கள். மெரினோதான் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு மூன்று செட் மெல்லிய பாலியெஸ்டர் உள்ளாடை: ஒன்று உடம்பில், ஒன்று மாற்றிக்கொள்ள, ஒன்று துவைப்பில். சரக்கு இறக்கி நனைந்தவர் உள்ளே போவதற்கு முன் உலர்ந்ததை மாற்றிக்கொள்ள ஓர் அறையும் ஐந்து நிமிடமும். ஈர உடுப்பைத் தொங்கவிட ஒரு கொடி. ஒரு குளிர் அறையைப் பகலும் இரவும் இயக்குவதற்கு ஆகும் மின்கட்டணத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டாது என்று சொல்லட்டும்.

“சில நிமிடந்தானே உள்ளே இருக்கிறார்கள்?” என்பது இன்னொரு வாதம். குறைந்த நேரம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஈரத்தோடு போகிறார்கள். உள்ளே குளிர்ந்து, வெளியே வியர்த்து, நனைந்தபடியே மீண்டும் உள்ளே. எட்டு மணி நேர வேலையில் உலர்ந்த தோல் என்பதே அவர்களுக்கு இல்லாமல் போகிறது.

தொழிற்சங்கங்களும் வேலையிடப் பாதுகாப்புக் குழுக்களும் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளலாம். ஜாக்கெட்டின் பட்டையைக் கையோடு கொண்டுபோய், எந்த உள்ளாடையோடு இது சோதிக்கப்பட்டது, அது எங்களுக்கு எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் வரும் வரை, குளிர் அறைக்குப் போகும் நாளில் பருத்திப் பனியன் அலமாரியிலேயே இருக்கட்டும்.