வெளிச்சம் யாருடைய சொத்து?

மில்லில் இரவு ஷிப்டு பார்க்கிறவருக்கும், விடியுமுன் எழுந்து நடவுக்குப் போகிறவருக்கும் இன்று எல்.இ.டி. விளக்கு புதுமையல்ல. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் மின்சாரத்தில் அது தந்துவிடுகிறது. நல்ல காரியந்தான். ஆனால் இந்த வெளிச்சத்தை உண்டாக்கியவர் யார், பலனை அள்ளிக்கொண்டவர் யார் என்று உழைப்பாளி மக்கள் கேட்டாக வேண்டும்.

இந்த விளக்கின் உயிர்நாடி ஒரு மெல்லிய படலம். தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். செம்பு மின்சாரத்தை ஓட விடும், கண்ணாடி விடாது. இரண்டுக்கும் நடுவே நின்று, நாம் விரும்பியபடி விடவும் தடுக்கவும் செய்யக்கூடிய பொருளைக் குறைகடத்தி என்கிறார்கள். சில குறைகடத்திகளில் மின்சாரம் பாய்ந்தால் ஒளி பிறக்கிறது. சிவப்பு ஒளி 1962-லேயே வந்துவிட்டது. பின்னால் பச்சையும் வந்தது. பிரகாசமான நீலம் மட்டும் முப்பது வருஷம் வரவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளி தரும் பொடியைப் பூசித்தான் நம் வீட்டு வெள்ளை விளக்கைச் செய்கிறார்கள்.

நீலத்தைத் தரக்கூடிய பொருள் கேலியம் நைட்ரைடு என்பது தெரிந்த விஷயம். அதைப் பழுதில்லாத படிகமாக வளர்க்கத்தான் முடியவில்லை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி முயன்று பார்த்து 1970-களில் கைவிட்டது. லாபம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கம்பெனி எத்தனை நாள் பணம் போடும்?

கைவிடாதவர் ஒருவர் இருந்தார். ஜப்பானிய விஞ்ஞானி இசாமு அகாசாகி. கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்கிய வேலையை எடுத்துக்கொண்டு 1981-ல் நகோயா சர்வகலாசாலைக்கு வந்தார். அது சர்க்கார் சர்வகலாசாலை. மக்களின் வரிப்பணத்தில் நடந்தது. அங்கே மாணவராகச் சேர்ந்தவர் ஹிரோஷி அமானோ. பெரிய கருவி வாங்கப் பணமில்லை. மாணவர்களே கருவியைக் கோத்து முடித்தார்கள்.

வேலை என்ன தெரியுமா? நீலக்கல் தகட்டை 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சி, கேலியம் கலந்த ஆவியையும் அம்மோனியா வாயுவையும் அதன் மேல் செலுத்த வேண்டும். அணு அணுவாகப் படலம் படிய வேண்டும். ஆனால் தகட்டின் அணு வரிசைக்கும் படலத்தின் அணு வரிசைக்கும் இடைவெளி ஒத்துவரவில்லை. படலம் சொரசொரத்து வெடித்துப் போயிற்று. ஒன்றல்ல, இரண்டல்ல, 1500 முறைக்கு மேல் அந்த மாணவர் செய்து பார்த்தார்.

1985-ல் ஒரு நாள் அடுப்பு சரியாகச் சூடேறவில்லை. அதிலிருந்துதான் வழி பிறந்தது என்று அமானோ பின்னால் சொல்லியிருக்கிறார். குறைந்த சூட்டில் அலுமினியம் நைட்ரைடு என்ற வேறொரு பொருளை மெல்லியதாக முதலில் படியவிட்டு, அதன் மேல் கேலியம் நைட்ரைடை வளர்த்தார். கண்ணாடி போலத் தெளிந்த படலம் கிடைத்தது. கட்டாந்தரையில் நாற்று நட முடியுமா? சேறு கலக்கிப் பரம்படித்த பிறகுதானே நடுகிறோம்? அதே சூட்சுமந்தான். 1989-ல் நீல ஒளிக்கு வேண்டிய இன்னொரு வகைப் படலத்தையும் அதே ஆராய்ச்சிக்கூடம் செய்து காட்டியது.

இனி கம்பெனியின் கதைக்கு வருவோம். ஷிகோகு தீவில் அனான் என்ற ஊர். அங்கே நிச்சியா என்ற இரசாயனக் கம்பெனி. அதில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் ஷுஜி நாகமுரா. கம்பெனியை நிறுவிய நோபுவோ ஒகாவா அவருக்குப் பணம் கொடுத்து ஆதரித்தார் என்பது உண்மை. அவருக்குப் பின் வந்த நிர்வாகம் இந்த வேலையை நிறுத்தச் சொன்னது என்பதும் உண்மை. நாகமுரா நிறுத்தவில்லை. வாயுவைச் செலுத்தும் முறையைத் தாமே மாற்றியமைத்தார். 1993-ல் பிரகாசமான நீல விளக்கைக் கம்பெனி உலகத்துக்கு அறிவித்தது.

கம்பெனிக்குப் பணம் கொட்டியது. கண்டுபிடித்தவருக்கு அந்தக் காப்புரிமைக்காகக் கிடைத்த வெகுமதி எவ்வளவு? 20,000 யென். ஜப்பானியத் தொழிலாளியின் இரண்டு மூன்று நாள் கூலி! நாகமுரா வழக்குத் தொடுத்தார். 2004 ஜனவரியில் டோக்கியோ நீதிமன்றம் கணக்குப் பார்த்தது. இந்த ஒரு காப்புரிமையால் கம்பெனிக்கு லாபம் சுமார் 12,000 கோடி யென், அதில் பாதி இவருக்குச் சேர வேண்டும் என்றது. அவர் கேட்டிருந்த 2000 கோடி யென்னை அப்படியே கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. கம்பெனி அப்பீல் செய்தது. 2005 ஜனவரியில் சுமார் 84 கோடி யென்னுக்கு ராஜி முடிந்தது. 2000 எங்கே, 84 எங்கே?

"நஷ்டம் வந்தால் கம்பெனிக்கு, லாபம் வந்தால் பங்கா?" என்று கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். நஷ்டம் வந்தால் ஆட்குறைப்பு யார் தலையில் விழுகிறது? அதுவும் போகட்டும். எல்லோரும் கைவிட்ட நாளில், பலன் வருமா வராதா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டது சர்க்கார் சர்வகலாசாலை. அந்த நாளின் நஷ்டத்தைச் சுமந்தவர்கள் மக்கள். கம்பெனி போட்ட பணம் கணக்கில் ஏறுகிறது. மக்கள் போட்ட பணம் ஏன் ஏறுவதில்லை?

கணக்கில் ஏற்ற முடியாது என்பதும் பொய். அகாசாகியின் கண்டுபிடிப்பை ஜப்பானிய சர்க்காரின் அமைப்பு ஒன்று 1987 முதல் டொயோடா கோசெய் கம்பெனி மூலம் தொழிலாக வளர்க்கச் செய்தது. கம்பெனி உரிமைத் தொகை கட்டியது. அந்தத் தொகையைக்கொண்டு 2006-ல் நகோயா சர்வகலாசாலையில் அகாசாகியின் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அடுத்து வரும் மாணவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். மக்கள் போட்ட விதை மக்களின் களஞ்சியத்துக்குத் திரும்பியது. முழுவதும் திரும்பவில்லை என்றாலும் வழி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

2014-ல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் கைதட்டியது. மறு வருஷமே ஜப்பானியச் சட்டம் திருத்தப்பட்டது. கம்பெனி முன்கூட்டியே விதி எழுதி வைத்துவிட்டால், ஊழியரின் கண்டுபிடிப்பு பிறக்கும்போதே கம்பெனிக்குச் சொந்தம்! தகுந்த வெகுமதி கொடுக்க வேண்டும் என்ற வாசகம் இருக்கிறது. எது தகுந்தது என்ற சண்டையில் யார் கை ஓங்கும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது விஞ்ஞானிகளின் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. நாகமுராவும் கூலி வாங்கியவர்தான். மில்லில் ஒரு தொழிலாளி சொன்ன யோசனையால் இழை அறுவது குறைந்தால் லாபம் யாருக்குப் போகிறது? நமக்கு ஒரு சபாஷ், அவ்வளவுதான். கருவியைக் கோத்த மாணவர்கள், அடுப்பைக் காத்த உதவியாளர்கள், விளக்கைச் செய்யும் ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோரின் பங்கு எந்த நீதிமன்றத்தின் கணக்கிலும் வரவில்லை.

ஆகவே நாம் கேட்பது நியாயமானது. மக்கள் பணத்தில் விளைந்த அறிவைக் கம்பெனி எடுத்துக்கொண்டால், அதற்குரிய பங்கு மக்களின் கல்விக்கூடங்களுக்குத் திரும்ப வேண்டும். கண்டுபிடித்தவரின் பங்கைச் சட்டம் காக்க வேண்டும்; கம்பெனியின் தயவுக்கு விடக் கூடாது. கூட உழைத்தவர்களின் பெயரும் கூலியும் கணக்கில் ஏற வேண்டும். ஒருவர் கையால் மட்டும் எந்த விளக்கும் எரிந்ததில்லை. பலர் கைகூடி ஏற்றிய வெளிச்சத்தை ஒரு பெட்டிக்குள் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.