ஆட்சி மாறியது; பங்கு யாருக்கு?

‘சதாம் ஒழிஞ்சது நல்லதுதானே?’ என்கிறார் வங்கியில் என் பக்கத்து இருக்கைக்காரர். ‘அதுக்காக அமெரிக்காக்காரன் குண்டு போடலாமா?’ என்கிறார் இன்னொருவர். 2003லிருந்து ஓயாத தர்க்கம் இது.

1988இல் ஹலப்ஜாவில் விஷவாயு வீசிக் குர்துகளைக் கொன்றவனுக்காக நான் அழப்போவதில்லை. இல்லாத ஆயுதத்தைக் காரணம் சொல்லிப் படையெடுத்தவனுக்குக் கைதட்டப்போவதும் இல்லை. நான் கேட்பது, அடியில் கிடந்தவன் எழுந்தானா என்று.

பாஸ்ராவில் கறுப்பு ஈராக்கியர் வாழ்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 869இல் இதே பாஸ்ராப் பக்கத்து உவர்நிலங்களில் கறுப்பு அடிமைகள் கலகம் செய்து, பதினாலு வருஷம் கலீபாவின் படையை எதிர்த்து நின்றார்கள். இன்றைக்கும் இவர்களை ‘அப்த்’ என்றே கூப்பிடுகிறார்கள். அடிமை என்று பொருள். சதாம் காலத்திலும் அதே சொல்தான், ‘ஜனநாயகம்’ வந்த பிறகும் அதே சொல்தான்.

2003இல் அமெரிக்கா அமைத்த ஆளும் கவுன்சிலில் 25 பேர்: ஷியா 13, சுன்னி 5, குர்து 5, துருக்மேன் 1, அசீரியக் கிறிஸ்தவர் 1. பதவியைப் பங்கு போடும் அந்த வழக்கம் இன்னும் நிற்கிறது. ஜனாதிபதி குர்து, பிரதமர் ஷியா, சபாநாயகர் சுன்னி. கிறிஸ்தவர், யாசிதிகளுக்கு நாடாளுமன்றத்தில் சில இடங்கள் உண்டு. கறுப்பருக்கு ஒன்றுகூட ஒதுக்கவில்லை. எங்களுக்கும் இடம் கொடு என்று கேட்டு இயக்கம் கட்டிய ஜலால் தியாப், 2013இல் பாஸ்ராவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மேலேயிருந்து வந்த மாற்றம் மேலே இருந்தவர்களை மட்டும் மாற்றியது. இனி எந்த நாட்டுக்கு எவன் ‘விடுதலை’யைக் கப்பலேற்றினாலும் கேட்போம்: கடைசியில் நிற்பவனுக்கு அதில் என்னய்யா பங்கு?