வத்தல் காயும் களத்திலேயே தரம் வேண்டும்

விளாத்திகுளம் கரிசலில் விளையும் மிளகாய் வத்தலை வியாபாரி ஒரு கை அள்ளி, நிறம் பார்த்து, குலுக்கிச் சத்தம் கேட்டே தரம் சொல்லிவிடுவார். அந்தக் கைப்பழக்கம் லேசுப்பட்டதல்ல. ஆனால், சரியாகக் காயாத பழத்தில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு கண்ணுக்கும் மூக்குக்கும் சிக்காது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாயில் அதைக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் விடுவதில்லை. அந்த அளவை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

பணக்கார நாடுகள் நம் சரக்கைத் தடுக்கப் போட்ட வேலி இது என்பார்கள். நாட்டுக்கு நாடு வரம்பு மாறுவதால் அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த நஞ்சு கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கக்கூடியது. நம்மூர்க் குழம்பைச் சாப்பிடுகிறவருக்கும் இருப்பது அதே கல்லீரல்தான். என் குறை வேறு. சோதனை துறைமுகத்தில் நடக்கிறது. கேடோ, வெறுந்தரையிலும் ரோட்டோரத்திலும் பழம் காயும்போதே புகுந்துவிடுகிறது. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அக்மார்க் முத்திரையும் பெரும்பாலும் விரும்பினால் வாங்கிக்கொள்வதுதான். சிமென்ட் களமும் தார்ப்பாயும் வேண்டும். விற்பனைக் கூடத்தில் ஈரப்பதம் அளந்து விலை வைக்க வேண்டும். ஈரமும் எடையாக விலைபோகும் இடத்தில், இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட்டு எடுத்த சம்சாரிக்குத்தான் நஷ்டம்.